ஏரி வண்டலும் எரிமலைச் சாம்பலும்: பழைய காலநிலையை ஆண்டுக் கணக்கில் மீட்டெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஏரியின் அடியிலிருந்து வண்டலை எடுத்து, மகரந்தம் எண்ணி, எந்தக் காலத்தில் குளிர் கூடியது என்று வரைபடம் போடுவது வரை பலரும் ஒழுங்காகச் செய்துவிடுகிறார்கள். அடுத்த கேள்வியில்தான் தடுமாற்றம் தொடங்குகிறது: இந்த ஏரியில் குளிர் வந்தது இன்னொரு ஏரிக்கு முன்பா, பின்பா? அதற்குப் பதில் சொல்லக் காலக்கணக்கு வலுவாக இருக்க வேண்டும். அது காலநிலைச் சான்றுகளைச் சாராமல் தனியாகவும் கட்டப்பட்டிருக்க வேண்டும். இந்த வழிகாட்டியில் உள்ள படிகளின் வரிசை முழுவதும் இந்த ஒரு தேவையிலிருந்து வந்ததுதான்.

எடுத்துக்காட்டுக்கு இரண்டு ஏரிகளை வைத்துக்கொள்கிறேன். ஒன்று, ஜெர்மனியின் அய்ஃபெல் மலைப்பகுதியில் எரிமலை வெடித்த பள்ளத்தில் தேங்கிய மேர்ஃபெல்டர் மார். மற்றொன்று, நார்வேயின் மேற்குக் கரையில் வோக்ஸேய் தீவிலுள்ள க்ரோக்கனெஸ். காலம், யங்கர் டிரையாஸ் என்னும் கடுங்குளிர்க் காலம்: கிரீன்லாந்துப் பனிக்கட்டிக் கணக்கில் ஏறத்தாழ 12,900 முதல் 11,700 ஆண்டுகளுக்கு முன். மேர்ஃபெல்டர் மாரில் அதன் தொடக்கம் இதற்குச் சற்றுப் பின்.

1. கேள்வியை முதலில் எழுதி வையுங்கள்

"கடந்த காலக் காலநிலையை அறிதல்" என்பது கேள்வியாகாது. "குளிர்க் காலத்தின் நடுவில் நிகழ்ந்த மாற்றம் ஜெர்மனியிலும் நார்வேயிலும் ஒரே நேரத்தில் நிகழ்ந்ததா?" என்பது கேள்வி. எத்தனை ஆண்டுத் துல்லியம் தேவை என்பதை இந்தக் கேள்வியே சொல்லிவிடுகிறது. இருபது ஆண்டு வேறுபாட்டைத் தேடுபவருக்கு இருநூறு ஆண்டுப் பிழையுள்ள காலக்கணக்கு பயன்படாது.

ஆண்டுக் குறியீட்டையும் இப்போதே முடிவு செய்யுங்கள். ஏரி ஆய்வுகள் 1950-ஐத் தொடக்கமாக வைத்துப் பின்னோக்கி எண்ணுகின்றன. கிரீன்லாந்துப் பனிக்கட்டி ஆய்வுகள் 2000-லிருந்து எண்ணுகின்றன. இரண்டையும் ஒரே வரைபடத்தில் அப்படியே இட்டால் ஐம்பது ஆண்டு இடைவெளி தானாக முளைத்துவிடும். புதியவர்களின் முதல் வரைபடத்தில் நான் தேடிப் பார்ப்பது இதைத்தான்.

2. ஏரியைத் தேர்ந்தெடுத்தல்

சிறிய, ஆழமான, காற்று எளிதில் கலக்காத ஏரி வேண்டும். அத்தகைய ஏரியின் அடிநீரில் ஆக்சிஜன் குறைவு. அதனால் புழுக்களும் பூச்சிகளும் சேற்றைக் கிளறுவதில்லை. ஒவ்வோர் ஆண்டின் படிவும் தனித்தனி அடுக்காக நிற்கிறது. மார் ஏரிகள் இதற்காகவே தேடப்படுகின்றன.

பெரிய ஆறு வந்து விழும் ஏரியைத் தவிர்க்கலாம். வெள்ளம் கொண்டுவரும் மணல் ஒரே நாளில் பல சென்டிமீட்டர் படிந்து கணக்கைக் குழப்பும். பழைய கரைகளை அரித்து, எப்போதோ விழுந்த சாம்பலை மீண்டும் ஏரிக்குள் கொண்டுவந்து கொட்டவும் செய்யும். ஒரே வெடிப்பின் சாம்பல் பல ஏரிகளில் ஒரே நேரத்தில் விழுந்து பொதுக் காலக்குறியாகிறது. அதனால் எரிமலைகளின் காற்றுத் திசையில் ஏரி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆனால் எரிமலைக்கு மிக அருகிலும் இருக்கக் கூடாது. தடிமனான சாம்பல் அடுக்கு ஏரியின் சூழலையே மாற்றிவிடும். அதன் பிறகு வரும் மாற்றம் காலநிலையாலா சாம்பலாலா என்று பிரிக்க முடியாது.

அனுமதி, ஆழ அளவீடு, அடித்தளத்தின் ஒலியலைப் படம் ஆகிய மூன்றும் படகு இறங்கும் முன்பே கையில் இருக்க வேண்டும். சரிந்து விழுந்த சேறு எங்கே கிடக்கிறது என்று ஒலியலைப் படம் காட்டிக்கொடுக்கும்.

3. வண்டல் உருளைகளை எடுத்தல்

ஒரே துளையிலிருந்து எடுத்த உருளை ஒருபோதும் போதாது. பிஸ்டன் துளைக்கருவியால் இரண்டு மீட்டர் நீள உருளைகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கும்போது, ஒவ்வொரு இணைப்பிலும் சில சென்டிமீட்டர் காணாமல் போகிறது அல்லது குழைந்துவிடுகிறது. ஆகவே சில மீட்டர் தள்ளி இரண்டாவது துளை போட்டு, தொடக்க ஆழத்தை ஒரு மீட்டர் மாற்றி வையுங்கள். முதல் துளையின் இணைப்பு, இரண்டாவது துளையில் உருளையின் நடுவில் விழும். யங்கர் டிரையாஸின் தொடக்கம் சரியாக ஓர் இணைப்பில் போய் மாட்டிக்கொண்டால், அதற்குப் பின் எந்த ஆய்வகமும் அதை மீட்டுத் தராது.

மேற்பரப்பின் இளகிய சேற்றுக்குத் தனியாகச் சிறிய ஈர்ப்புத் துளைக்கருவி வேண்டும். பெரிய கருவி அதைத் தள்ளி விலக்கிவிடும்.

குழாய் வெளியே வந்தவுடன் மேல்முனையை அம்புக்குறியால் குறியுங்கள். துளை எண், ஆழம், தேதி ஆகியவற்றைக் குழாயின் மீதே எழுதுங்கள். மூடியில் எழுதினால் போதாது. மூடி கழன்று இன்னொரு குழாய்க்கு மாறிவிடும். உருளைகளை நான்கு டிகிரி குளிரில் வையுங்கள், உறைய விடாதீர்கள். பனிப் படிகம் அடுக்குகளைக் கிழித்துவிடும்.

4. பிளந்து, பார்த்து, வருடுதல்

இந்தக் கட்டத்துக்கு ஒரே விதி: அழிக்காத வேலைகள் எல்லாம் முதலில், அழிக்கும் வேலைகள் பின்னர். உருளையை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை ஆவணமாகச் சுற்றி வைத்துவிட்டு மறுபாதியில் வேலை செய்யுங்கள். பிளந்த பரப்பைக் குறுக்குவாக்கில் சுத்தம் செய்யுங்கள். நீளவாக்கில் தேய்த்தால் மேலடுக்கின் துகள்கள் கீழடுக்கில் ஒட்டிக்கொள்ளும். பின்னால் சாம்பல் தேடும்போது இது பெரிய தொல்லை.

படமெடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். காற்றுப் பட்டதும் இரும்புச் சேர்மங்கள் நிறம் மாறும். காலையில் தெளிவாக இருந்த கருப்பு அடுக்கு மாலையில் பழுப்பாகிவிடும். அடுத்து காந்த ஏற்புத்திறன் (சேறு எவ்வளவு எளிதில் காந்தமாகிறது என்ற அளவு), எக்ஸ் கதிர் பாய்ச்சித் தனிமங்களை அறியும் ஒளிர்வு வருடல். டைட்டானியம், கால்சியம், இரும்பு ஆகியவை ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் எப்படி ஏறி இறங்குகின்றன என்பதை வருடி காட்டும். இது எண்ணிக்கைதானே தவிர செறிவு அல்ல. சேற்றின் நீரளவு மாறினாலும் எண் மாறும். அதனால் தனிமங்களை விகிதமாகப் பயன்படுத்துங்கள்.

5. ஒரே ஆழ அளவுகோல்

இரண்டு துளைகளின் உருளைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் தெரியும் அடையாள அடுக்குகளை இணைத்து, ஒரு பொதுவான ஆழ அளவுகோலை உருவாக்குங்கள். மேர்ஃபெல்டர் மாரில் இதற்கு மிகச் சிறந்த அடையாளம் லாகர் ஸே எரிமலையின் சாம்பல். கண்ணுக்கே தெளிவாகத் தெரியும். அந்த வெடிப்பின் சாம்பல் தெற்கே வட இத்தாலி வரையும் வடக்கே ஸ்வீடனின் கோட்லாந்து தீவு வரையும் கிடைத்திருக்கிறது.

மாதிரி எடுக்கும் ஒவ்வொரு முறையும் உருளை எண், உருளைக்குள் ஆழம், பொது ஆழம் ஆகிய மூன்றையும் எழுதுங்கள். பொது ஆழம் பின்னால் திருத்தப்படும். உருளைக்குள் இருக்கும் ஆழம் மாறாது.

6. ஆண்டு அடுக்குகளை எண்ணுதல்

படத்தை வைத்து எண்ணாதீர்கள். பத்து சென்டிமீட்டர் நீளத் துண்டுகளை, ஒன்றின் மீது ஒன்று சற்று ஏறும்படி வெட்டி, உறைய வைத்து உலர்த்தி, பிசின் ஊட்டி, மெல்லிய தகடுகளாகத் தேய்த்து நுண்ணோக்கியில் எண்ணுங்கள். உறைந்த பனி கிழிக்கும் என்று மேலே சொன்னேன். இங்கே திரவ நைட்ரஜனால் நொடியில் உறைய வைப்பதால் படிகம் வளர நேரமில்லை.

எண்ணும் முன், ஓர் ஆண்டு என்பது எந்த எந்த அடுக்குகளால் ஆனது என்பதை எழுதி வையுங்கள். யங்கர் டிரையாஸ் காலத்து ஓராண்டில், வசந்தத்தில் உருகிய பனிநீர் கொண்டுவந்த வண்டல் கீழேயும், கோடையின் டயாட்டம் என்னும் சிலிக்கா ஓடுள்ள நுண்பாசிகளும் கரிமப் பொருளும் அதற்கு மேலேயும் இருக்கும். இந்த வரையறை இல்லாமல் எண்ணுபவர், ஓராண்டில் வந்த இரண்டு வெள்ளங்களை இரண்டு ஆண்டுகளாக்கிவிடுவார்.

இரண்டு பேர் தனித்தனியாக எண்ண வேண்டும். எண்ணி முடிக்கும் வரை ஒருவர் கணக்கை மற்றவர் பார்க்கக் கூடாது. முடிவில் வரும் வேறுபாடுதான் பிழையளவின் நேர்மையான தொடக்கம்.

மேர்ஃபெல்டர் மாரில் மேற்பகுதியின் அடுக்குகள் இன்றுவரை தொடர்ச்சியாக எண்ணும்படி இல்லை. அதனால் அந்தக் கணக்கு ஒரு மிதக்கும் கணக்கு; எங்காவது நங்கூரம் வேண்டும். அருகிலுள்ள ஹோல்ட்ஸ்மார் ஏரியில் எண்ணப்பட்ட உல்மெனர் மார் சாம்பல், 1950-க்கு முன் 11,000 ஆண்டு என்னும் வயதோடு, அந்த நங்கூரமாக வைக்கப்பட்டது. ஓர் ஏரியின் வயதைச் சாம்பல் இன்னோர் ஏரிக்குக் கொண்டுபோகிறது என்பதற்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு கிடைக்காது.

7. ரேடியோ கார்பன்

இறந்த உயிர்ப்பொருளில் சிதைந்து குறைந்துவரும் கதிரியக்கக் கார்பனை அளந்து வயது காணும் முறை இது. நிலத்தில் வளர்ந்த தாவரத்தின் இலை, விதை, சிறு கிளை மட்டுமே வேண்டும். நீர்த்தாவரங்கள் சுண்ணாம்புப் பாறையிலிருந்து கரைந்து வந்த பழைய கார்பனை உள்வாங்கி, உண்மையைவிட அதிக வயதைக் காட்டும். மொத்தச் சேற்றைக் கொடுத்தாலும் அதே சிக்கல்.

பிரித்தெடுத்த இலைகளை ஈரத்தோடு மாதக் கணக்கில் வைக்கக் கூடாது. பூஞ்சை வளர்ந்து இன்றைய கார்பனைச் சேர்க்கும், வயது குறையும். பிரித்த அன்றே உலர்த்தி வையுங்கள்.

8. கண்ணுக்குத் தெரியாத சாம்பலைத் தேடுதல்

வேலையின் இதயம் இதுதான். ஐஸ்லாந்தின் கட்லா எரிமலையிலிருந்து வந்த வெட்டே சாம்பல் க்ரோக்கனெஸில் வெறும் கண்ணுக்குத் தெரிகிறது. மேர்ஃபெல்டர் மாரிலோ அது சேற்றில் சிதறிக் கிடக்கும் சில கண்ணாடித் துகள்கள்தாம் (எரிமலைக் குழம்பு சட்டென ஆறி உருவானவை). எந்த வருடியும் அவற்றைக் காட்டாது. வேதிமுறையில் பிரித்து, நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாகத் தேட வேண்டும்.

முதல் சுற்றில் உருளையை இடைவெளி விடாமல் பத்து சென்டிமீட்டர் துண்டுகளாக எடுங்கள். துகள் தென்பட்ட துண்டை மட்டும் இரண்டாம் சுற்றில் ஒரு சென்டிமீட்டராகப் பிரியுங்கள். நேரத்தை மிச்சப்படுத்த ஒரு துண்டு விட்டு ஒரு துண்டு எடுப்பவர்கள் உண்டு. ஆனால் சாம்பல் விழுந்தது சில நாட்களில். ஒரு மில்லிமீட்டருக்குள்கூட அது அடங்கிவிடும். விட்ட இடைவெளியில் அது இருந்தால், "இந்த ஏரியில் சாம்பல் இல்லை" என்ற தவறான முடிவு ஆவணமாகிவிடும்.

ஒவ்வொரு துண்டுக்கும் வேலை இந்த வரிசையில் போகும்:

உலர்த்தி எடை எடுங்கள். இது இல்லாமல் "ஒரு கிராமுக்கு இத்தனை துகள்" என்று சொல்ல முடியாது. ஏரிகளை ஒப்பிடவும் முடியாது.

கரிமப் பொருளை நீக்க உலையில் 550 டிகிரியில் எரியுங்கள். தேடலுக்கு மட்டும்தான் இது. வேதியியல் பகுப்புக்குப் போகும் மாதிரியை எரிக்கவே கூடாது. சூடு கண்ணாடியின் கலவையைப் பாதிக்கலாம். அதற்காக அதே ஆழத்திலிருந்து இன்னொரு பங்கைத் தொடாமல் வைத்திருங்கள். முழு மாதிரியையும் எரித்துவிட்டு, துகளைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் பகுப்புக்கு ஓடி வருபவர்கள் பலர். மீண்டும் உருளையிடம் போவதைத் தவிர அவர்களுக்கு வழியில்லை. மெல்லிய அடுக்கென்றால் சில நேரம் உருளையிலும் மிச்சம் இருக்காது.

நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் சுண்ணாம்பைக் கரையுங்கள். பிறகு 25 மைக்ரான் சல்லடையில் அலசிக் களிமண்ணை வெளியேற்றுங்கள். ஒவ்வொரு மாதிரிக்கும் புதிய நைலான் வலைத்துணியைப் பயன்படுத்துங்கள். உலோகச் சல்லடையின் கண்களில் சிக்கிய ஒரே ஒரு துகள் அடுத்த மாதிரியில் விழுந்து, இல்லாத வெடிப்பை உருவாக்கிவிடும்.

அடுத்தது அடர்த்திப் பிரிப்பு. சோடியம் பாலிடங்ஸ்டேட் என்னும் கனமான கரைசலை முதலில் கன சென்டிமீட்டருக்கு 1.95 கிராம் அளவில் வையுங்கள். டயாட்டங்களும் கரிம மிச்சமும் மிதக்கும், அவற்றை நீக்கலாம். பிறகு 2.55-க்கு உயர்த்துங்கள், சிலிக்கா மிகுந்த எரிமலைக் கண்ணாடி மிதக்கும், குவார்ட்ஸ் போன்ற கனிமங்கள் மூழ்கும். மூழ்கியதைக் கொட்டிவிடாதீர்கள். சிலிக்கா குறைந்த பசால்ட் வகைக் கண்ணாடி கனமானது. அது கனிமங்களோடு சேர்ந்து மூழ்கும். வெட்டே சாம்பலில் இரண்டு வகையும் உண்டு. மிதந்ததை மட்டும் பார்ப்பவர் வெடிப்பின் பாதியை மட்டுமே பார்க்கிறார்.

கனடா பால்சம் என்னும் ஒளிபுகும் பிசினில் பதித்து நுண்ணோக்கியில் வையுங்கள். சிலிக்கா மிகுந்த எரிமலைக் கண்ணாடி நிறமற்றது, பசால்ட் வகை பழுப்பு நிறம். குழிந்த விளிம்புகளும், வாயுக் குமிழி உடைந்த வளைவுகளும், சில நேரம் நீண்ட குழல் வரிகளும் தெரியும். குறுக்கு முனைவாக்கத்தில் (இரண்டு ஒளிவடிகட்டிகளைச் செங்குத்தாக வைத்துப் பார்க்கும்போது) குவார்ட்ஸ் ஒளிரும், கண்ணாடி முழுவதும் இருண்டுவிடும். உடைந்த டயாட்டமும் இருண்டுதான் போகும். ஆனால் அதில் ஒழுங்கான துளை வரிசை தெரியும், விளிம்பு இயல்பாக வளைந்திருக்கும். ஐயம் வந்தால் தொடர்ந்து எண்ணிக்கொண்டே போகாதீர்கள். ஏற்கனவே தெரிந்த சாம்பல் பதித்த கண்ணாடித் தகட்டை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒவ்வொரு தொகுதியிலும் சாம்பல் இல்லாத வெற்று மாதிரி ஒன்றைச் சேர்த்து எல்லாப் படிகளையும் செய்யுங்கள். அதில் துகள் கிடைத்தால் அந்தத் தொகுதி முழுவதையும் மறுபடி செய்ய வேண்டும். வலிக்கும், ஆனாலும் செய்யுங்கள்.

எண்ணிக்கை வரைபடத்தில் துகள்கள் ஒரே புள்ளியில் நிற்பதில்லை. கரையிலிருந்து பின்னால் அடித்து வரப்பட்டவை மேல்நோக்கி வாலாக நீளும். வெடிப்பின் இடமாக எடுக்க வேண்டியது எண்ணிக்கை திடீரென ஏறும் இடத்தை. வாலின் நடுவை அல்ல.

9. எந்த எரிமலை? வேதியியல் அடையாளம்

துகள்களை எபாக்சியில் பதித்து, உள்பகுதி வெளிப்படும்வரை மெருகேற்றி, எலக்ட்ரான் கற்றையால் ஒவ்வொரு துகளையும் தனித்தனியாகப் பகுப்பாய்வு செய்ய வேண்டும். மொத்தச் சாம்பலின் சராசரி பயன்படாது. அதில் வேறு வெடிப்பின் துகள்களும் கனிமங்களும் கலந்திருக்கும்.

சோடியம் எலக்ட்ரான் சூட்டில் நகர்ந்து ஓடிவிடும் தன்மையுடையது. கற்றையை விரித்து, மின்னோட்டத்தைக் குறைத்து, சோடியத்தை முதலில் அளக்கச் சொல்லுங்கள். சோடியம் குறைந்து வந்த தரவை வைத்துக்கொண்டு, புதிய எரிமலையைக் கண்டுபிடித்துவிட்டதாக நம்பும் ஆபத்து உண்டு. லிபாரி தீவின் அப்சிடியன் போல, கலவை நன்றாகத் தெரிந்த கண்ணாடியை அதே நாளில், அதே அமைப்பில் அளந்து, அந்த எண்களையும் முடிவோடு வெளியிடுங்கள்.

வெட்டே சாம்பலின் வெளிர் துகள்களில் சிலிக்கா 70 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும். பொட்டாசியம், இரும்பு, கால்சியம் ஆகியவற்றின் விகிதங்கள் கட்லாவைச் சுட்டும். ஆனால் இங்கே ஒரு பொறி. கட்லாவின் வேறு வெடிப்புகளும் ஏறத்தாழ இதே கலவையில் சாம்பலை வீசியிருக்கின்றன. வேதியியல் "கட்லா" என்று மட்டும்தான் சொல்லும். "கட்லாவின் எந்த வெடிப்பு" என்பதை உருளையில் அதன் இடம்தான் சொல்ல வேண்டும். லாகர் ஸே சாம்பலுக்கு மேலேயா, உல்மெனர் மார் சாம்பலுக்குக் கீழேயா, குளிர்க் காலத்தின் எந்தப் பகுதியில் என்ற அடுக்கு வரிசை இல்லாமல் பெயர் சூட்டாதீர்கள்.

10. காலமாதிரி கட்டுதல்

காலமாதிரி என்பது ஒவ்வொரு ஆழத்துக்கும் வயது சொல்லும் கணக்கு. ஆண்டு அடுக்குகள், ரேடியோ கார்பன், சாம்பல் வயதுகள் மூன்றையும் ஆக்ஸ்கால் அல்லது பேகான் போன்ற, நிகழ்தகவை அடிப்படையாகக் கொண்ட பேயீசிய மென்பொருளில் இணைக்கலாம். முன்னதாக, சாம்பல் அடுக்குகளின் தடிமனையும் வெள்ள அடுக்குகளின் தடிமனையும் ஆழத்திலிருந்து கழித்துவிடுங்கள். சில நாட்களில் படிந்ததற்கு மென்பொருள் பல பத்தாண்டுகளை ஒதுக்கிவிடும்.

ஒரு வயது எங்கிருந்து வந்தது என்றும் பாருங்கள். மேர்ஃபெல்டர் மாரில் வெட்டே சாம்பலின் அடுக்கு வயது 12,140. பிழையளவு கூட்டியும் குறைத்தும் 40 ஆண்டு. இதையே மேர்ஃபெல்டர் மார் மாதிரிக்குள் தனிச் சான்றாக மீண்டும் நுழைத்தால், ஒரே சான்றை இரண்டு முறை எண்ணியதாகும். கிரீன்லாந்துப் பனிக்கட்டியில் அதே சாம்பலின் வயது 2000-க்கு முன் 12,171, பிழையளவு 114. ஐம்பதைக் கழித்தால் 12,121. இரண்டு தனிக் கணக்குகளும் பத்தொன்பது ஆண்டு இடைவெளியில் நிற்கின்றன. ஒப்பீடு என்றால் இப்படி இருக்க வேண்டும்.

வயதுகள் மாறும் என்பதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். அடுக்கு எண்ணிக்கையில் லாகர் ஸே வெடிப்பு 12,880. வெடிப்பில் புதைந்த மரங்களை வைத்து 2021-இல் வெளியான ஆய்வு 13,006 என்றது. எரிமலையின் கரியமில வாயு அந்த மரங்களின் வயதைக் கூட்டிக் காட்டியிருக்கலாம் என்று மறுப்பும் எழுந்தது. எது நின்றாலும், அந்தச் சாம்பலுக்கும் யங்கர் டிரையாஸ் தொடக்கத்துக்கும் இடையே மேர்ஃபெல்டர் மாரில் எண்ணப்பட்ட ஏறத்தாழ 200 அடுக்குகள் அப்படியே இருக்கும். அதனால் முழு வயதையும் இடைவெளியையும் தனித்தனியாக எழுதுங்கள்.

11. இப்போதுதான் காலநிலைச் சான்றுகள்

காலமாதிரி முடிந்த பின்பே இங்கே வாருங்கள். வளைவை முதலில் பார்த்தவர் கண்ணுக்கு, வயது எங்கே இருக்க வேண்டும் என்று தோன்றத் தொடங்கிவிடும்.

மகரந்தம் தாவரங்களைச் சொல்லும். ஆனால் காடு மாறத் தலைமுறைகள் ஆகலாம். கடியாக் கொசுக்களின் இளம்புழுத் தலையோடுகள் கோடை வெப்பத்துக்கு விரைவாக எதிர்வினை காட்டும். இலை மெழுகின் ஹைட்ரஜன் ஐசோடோப்புகள் மழையின் மூலத்தையும் வறட்சியையும் காட்டும். ஆண்டு அடுக்கின் தடிமன் காற்றையும் பனி உருகலையும் காட்டும். க்ரோக்கனெஸில் டைட்டானியம் பனியாற்று உருகுநீர் கொண்டுவந்த பாறைத்தூளின் அளவு. அதே டைட்டானியம் வேறொரு ஏரியில் மழை வெள்ளத்தின் அளவாக இருக்கும். ஒரு தனிமத்துக்கு எல்லா ஏரியிலும் ஒரே பொருள் கொடுப்பது மிகப் பரவலான தவறு.

சான்றுகள் அனைத்தையும் ஒரே ஆழத்து மாதிரிகளிலிருந்து எடுங்கள். அப்போது எது முன், எது பின் என்பதற்குக் காலமாதிரியே தேவைப்படாது.

12. ஏரியோடு ஏரியை ஒப்பிடுதல்

இரண்டு ஏரிகளின் வளைவுகளையும் ஏற்ற இறக்கம் பொருந்தும்வரை இழுத்து ஒட்டாதீர்கள். மாற்றம் ஒரே நேரத்தில் நடந்ததா என்பதே கேள்வி. ஒட்டிவிட்டால், விடையைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போட்டதாகிவிடும்.

சாம்பலை மட்டும் பொதுப்புள்ளியாக வையுங்கள். அதிலிருந்து மேலும் கீழும் எண்ணுங்கள். 2013-இல் வெளியான ஆய்வு இப்படித்தான் செய்தது. குளிர்க் காலத்தின் நடுவே வந்த மாற்றம் மேர்ஃபெல்டர் மாரில் வெட்டே சாம்பலுக்கு ஏறத்தாழ 100 ஆண்டு முன்னால் நடந்திருக்கிறது. க்ரோக்கனெஸில் அதே மாற்றம் சாம்பலுக்கு ஏறத்தாழ 20 ஆண்டு பின்னால். மாற்றம் தெற்கிலிருந்து வடக்கே நகர 120 ஆண்டு ஆகியிருக்கிறது. மேற்குக் காற்றோட்டம் வடக்கே நகர்ந்த வேகம் அது. வளைவுகளை ஒட்டியிருந்தால் இந்த 120 ஆண்டும் பூஜ்யமாகியிருக்கும்; அதை யாரும் கவனித்திருக்கவும் மாட்டார்கள்.

சாம்பலிலிருந்து விலக விலகப் பிழை கூடும். நூறு ஆண்டு தள்ளியிருக்கும் மாற்றத்துக்கு நூறு அடுக்குகளின் எண்ணுப் பிழை மட்டும் சேரும். ஆயிரம் ஆண்டு தள்ளியிருந்தால் ஆயிரம் அடுக்குகளின் பிழை. ஆகவே உங்கள் கேள்விக்கு மிக அருகிலுள்ள சாம்பலைத் தேர்ந்தெடுங்கள். புகழ்பெற்றது என்பதற்காக எதையும் எடுக்காதீர்கள்.

13. ஒப்படைப்பு

வெளியிடும்போது ஒவ்வொரு துகளின் பகுப்பையும் நூறு விழுக்காட்டுக்குச் சரிசெய்யாத மூல எண்களாகக் கொடுங்கள். துகள் கிடைக்காத மாதிரிகளின் ஆழங்களையும் பட்டியலிடுங்கள். நாளை வேறொரு சாம்பலைத் தேடுபவர் எந்த ஆழத்திலிருந்து தொடங்கலாம் என்று அந்தப் பட்டியல் சொல்லும். மெருகேற்றிய எபாக்சி வில்லைகளையும், ஆவணமாக வைத்த பாதி உருளையையும், மாதிரி எடுத்த இடங்களின் படத்தோடு ஒரே இடத்தில் குளிர்பதன அறையில் வையுங்கள். எந்தத் துகள் எந்த எண் என்ற வரைபடத்தை வில்லையோடு சேர்த்தே ஒட்டி வையுங்கள். அது தொலைந்தால் வில்லையை மறுபடி அளக்கலாம், ஆனால் பழைய எண்களோடு பொருத்த முடியாது.